புத்தலப்பட்டில் நிற்காத வண்டி

சித்தூர்
3-11-2025

அன்புள்ள தாட்சாயணிக்கு,

பல நாள் யோசித்து, கண்டக்டர் வீராசாமியுடனும் கலந்தாலோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனிமேல் புத்தலப்பட்டில் உன் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது இரண்டு தடவைக்குப் பதிலாக ஒரே தடவைதான் ஹாரன் அடிப்பேன். இது இன்று காலை முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பயணிகள் தரப்பில் எதிர்ப்பு எதுவும் இல்லை.

நீ போனை எடுக்காததால் இதைத் தபாலில் தெரிவிக்கிறேன். மாமாவின் கால் எப்படி இருக்கிறது? அவரைப் பார்த்துக்கொள்ள நீ போனதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நானும் அங்கேயே வந்து இருக்கலாமே என்று கேட்டாயே, அதுதான் கஷ்டம். அண்ணனிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மாமனார் ஊட்ல துன்னுக்கினு கெடக்கறவனுக்கு இன்னாடா மரியாதை?" என்றார். தினமும் நாலு தடவை உன் ஊர் வழியாகத்தான் திருப்பதி போய் வருகிறேன். ஒரு புருஷன் இதைவிட எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியும்?

உன்
மோகன்ராஜ்

புத்தலப்பட்டு
8-11-2025

மரியாதைக்குரிய கணவருக்கு,

ஹாரன் முடிவு ஆசிரியர் அறையில் தெரிவிக்கப்பட்டது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். உங்கள் பஸ் போனால் எட்டிப் பார்த்து, "உன் ஊட்டுக்காரன் போய்க்கினே கீறான்மா, நிக்க மாட்டேன்றான்" என்கிறார். நான்-ஸ்டாப் வண்டி அப்படித்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் பௌதிக ஆசிரியர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். உயிரியல் படித்தவளுக்கு உயிரில்லாதவையும் தெரிந்திருக்கும் என்று ஹெட்மாஸ்டர் நம்புகிறார். ஒன்பதாம் வகுப்புக்கு ஈர்ப்பு விசைப் பாடம் இப்போது என்னுடையது. மேலே இழுப்பு இல்லாததால்தான் செயற்கைக்கோள் மிதக்கிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். புத்தகம் வேறு சொல்கிறது. மனிதர்கள் தங்கியிருக்கும் அந்த விண்வெளி நிலையத்தின் உயரத்தில்கூட, பூமியின் இழுப்பு இங்கே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குதான் குறைவாம். பிறகு ஏன் விழவில்லை என்று வகுப்பில் கேட்டேன். "டீசல் போட்டுக்கினே இருப்பாங்க மேடம்" என்றாள் பிரியங்கா. டீசல் தெரிந்தவர் நீங்கள். என்ன நினைக்கிறீர்கள்?

தாட்சாயணி

சித்தூர்
13-11-2025

அன்புள்ள தாட்சாயணிக்கு,

உன் கேள்வியை டிப்போவில் வைத்தேன். மெக்கானிக்குகள் ஒருமனதாகப் பிரியங்கா பக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அனுபவமுள்ள யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இன்று காலை ஒன்று நடந்தது. சந்திரகிரி தாண்டியதும் ஒரே பனி. ரோடு தெரியவில்லை, கீழே ஊர் தெரியவில்லை. ஏழுமலை மட்டும் எதிலும் ஒட்டாமல் நீலமாக நின்றது. பயணிகள் எல்லாரும் தூக்கம். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, நான் எங்கே போகிறேன் என்பது கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை. பயமாக இல்லை, சுகமாகத்தான் இருந்தது. பிறகுதான் பயமாக இருந்தது.

வீராசாமியிடம் சொன்னேன். போர்டில் திருப்பதி என்று எழுதியிருப்பதாகச் சொன்னான்.

உன்
மோகன்ராஜ்

புத்தலப்பட்டு
18-11-2025

மரியாதைக்குரிய கணவருக்கு,

பாடம் புரிந்துவிட்டது. அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

எந்தப் பொருளை விட்டாலும் முதல் விநாடியில் ஐந்து மீட்டர் விழும். பூமி உருண்டை. எட்டு கிலோமீட்டர் போனால் தரையும் ஐந்து மீட்டர் கீழே வளைந்துவிடும். ஆகவே ஒரு விநாடியில் எட்டு கிலோமீட்டர் பக்கவாட்டில் போகிறவன் விழுவான், தரையும் அவனோடு அவ்வளவே இறங்கிவிடும். தடுக்கக் காற்று இல்லாத உயரம் என்றால் டீசலும் வேண்டாம். விழுந்துகொண்டே, சேராமலே, சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த வேகத்தில் சித்தூரிலிருந்து திருப்பதி ஒன்பது விநாடி. டீக்கு நேரம் இருக்காது.

நேற்று இருட்டத் தொடங்கும்போது அந்த நிலையம் எங்கள் மாந்தோப்புக்கு மேலே போயிற்று. சத்தமே இல்லை. ஒரு வெள்ளைப் பொட்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் நகர்ந்தது. நானும் நைனாவும் அண்ணாந்து நின்றோம்.

"அதுல யார்னா கீறாங்களா?"

இருக்கிறார்கள் என்றேன்.

"ஊட்டுக்குப் போவ மாட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அது பூமியின் நிழலுக்குள் போய் அணைந்துவிட்டது. அவர் வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். பூமி இன்னும் பலமாக இழுத்தால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். பூமி முதல் நாளிலிருந்தே முழு பலத்தோடுதான் இழுக்கிறது. மேலே இருப்பது தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். வேறு வழி கிடையாது.

தடா பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை என் இடத்துக்கு வர விரும்புகிறார். நான் அவர் இடத்துக்குப் போகலாம். நளினி அக்கா அங்கேதான் இருக்கிறாள், நைனாவைப் பார்த்துக்கொள்ள அவளும் கை கொடுப்பாள். மாதம் முடிவதற்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். தடா உங்கள் பஸ் போகிற வழியில் இல்லை.

தாட்சாயணி

சித்தூர்
24-11-2025

அன்புள்ள தாட்சாயணிக்கு,

அறுபதைத் தாண்டினால் என் வண்டி கத்த ஆரம்பித்துவிடும். இருந்தாலும் கணக்கு புரிந்தது.

எங்கள் டிப்போவில் நான்-ஸ்டாப் ஓட்டுவது ஒரு அந்தஸ்து. ஊருக்கு ஊர் நிற்கும் ஆர்டினரியைப் புதியவர்களிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கு ஆர்டினரி வேண்டும் என்று கேட்டேன். உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். உன் கடிதத்தை வீராசாமிக்குப் படித்துக் காட்டினேன். "எறங்கணும்னா பிரேக்கு போடணும்னு சொல்ல டீச்சரம்மா வேணுமா அண்ணே? நான் எட்டு மாசமா சொல்லிக்கினு கீறேன்" என்றான்.

அண்ணனிடம் இந்தத் தடவை ஜாடை இல்லாமல் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். அண்ணி என் தட்டைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

கையெழுத்துப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். ஒரு பெட்டி, ஒரு தலையணை. மாமாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்
மோகன்ராஜ்

புத்தலப்பட்டு
11-12-2025

அன்புள்ள தாட்சாயணிக்கு,

திருப்பதியில் ஆசிரியர் பயிற்சி எப்படிப் போகிறது? ஹாஸ்டலில் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை என்று சொன்னாய், அதனால் இது. ஞாயிறு வரைக்கும் இங்கே சமையல் நான். நேற்று ரசம் வைத்தேன். மாமா சாப்பிட்டுவிட்டு, நீ எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

சாயங்காலம் ஆனால் இருவரும் தோப்புப் பக்கம் நாற்காலி போட்டுக்கொள்கிறோம். தினமும் அந்த விண்வெளி நிலையம் வருவதில்லை. வராத நாளிலும் அவர் உள்ளே வர ஒப்புவதில்லை. மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் நாற்காலி மெதுவாக நகர்வதுபோல் இருக்கிறது. அவருக்கும் அப்படித்தான் இருக்கிறதாம்.

அண்ணன் இன்னும் பேசவில்லை.

டிப்போவுக்குப் போகக் காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். திருப்பதியிலிருந்தே நிரம்பி வருகிறது. சித்தூர் வரை நின்றுகொண்டுதான் போகிறேன்.

உன்
மோகன்ராஜ்