தோளில் தேய்த்த மருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீ முழுகாமல் இருக்கிறாய் என்று போனில் சொன்னதும் அம்மா தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் பட்டறையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்ற உட்கார்ந்தவனுக்குச் சுருக்கென்று ஒன்று நினைவுக்கு வந்தது, கை அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் நீ வந்திருந்தபோது தினமும் காலையில் என் தோளில் ஒரு ஜெல் தேய்த்துவிட்டாயே, வலிக்கு என்று சொன்னேனே, அது வலி மருந்தே இல்லை. எனக்கு ஓயாத அசதி என்று ரத்தம் பார்த்து, ஆண் ஹார்மோன் குறைவு என்று டாக்டர் கொடுத்தது. பெற்ற பெண்ணிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். நீ பாவம், கொடுங்கப்பா உங்களுக்கு எட்டாது என்று பிடுங்கி வெறுங்கையால் தேய்த்தாய். அப்போதே கரு தங்கியிருந்ததோ என்னவோ.

டாக்டரிடம் ஓடினேன். கர்ப்பிணிகள் தொடக்கூடாதுன்னு அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கே, மோட்டாரில் இருக்கிற எழுத்தை மட்டும்தான் படிப்பீங்களா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, எனக்கு ஊசிக்கு மாற்றிவிட்டார். அந்த ஜெல் தோல் வழியாக ஏறுமாம், வயிற்றில் இருப்பது பெண் குழந்தையானால் பிறப்புறுப்பு உருவாவதில் கோளாறு பண்ணலாமாம். சில நாள் தொட்டதால் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் பொண்ணைப் பார்க்கிற டாக்டரிடம் மறைக்கவே கூடாது என்றார். தேய்த்ததும் சோப்புப் போட்டுக் கழுவினாளா என்று கேட்டார். துண்டில் துடைத்த மாதிரியும் இருக்கிறது, கழுவின மாதிரியும் இருக்கிறது. நீயே யோசித்துப் பார்.

மறுபடி நீ பேசினபோது போனில் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீ சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனாய், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பொண்ணுகிட்ட என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கு என்று அம்மா என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், ஜெல் அட்டையும் உள்ளே இருக்கிறது, அதை அப்படியே உன் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு, என்னைத் திட்டினால் திட்டட்டும்.

குழந்தை எப்படி வந்தாலும் நம் வீட்டுக் குழந்தை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன்னை எனக்குத் தெரியும், படித்த கையோடு போன் போட்டு, ஒண்ணும் ஆகாதுப்பா என்பாய். டாக்டர் சொல்லாமல் நீயாக அதைச் சொல்லாதே கண்ணு, நான் நம்பிவிடுவேன்.

உன் அப்பா