மதகுகிட்ட நில்லு, தண்ணி குடி

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பதினொன்றே முக்கால். பகலில் எழுதினால் யாராவது எட்டிப் பார்த்து யாருக்கு என்று கேட்பார்கள். உனக்கு என்று சொன்னால் வீடே கலவரமாகிவிடும். என் மகனும் அவன் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். கூடத்தில் நானும் உன் வண்டியும்தான் விழித்திருக்கிறோம்.

உன் மெரூன் கலர் குழந்தை வண்டி. மூன்று வருஷம் பரணில் பிரிக்காமல் கிடந்த பெட்டியை நேற்றுத்தான் இறக்கினேன். ஒட்டியிருந்த டேப்பை அறுத்ததும் புது ரப்பர் வாசனை அடித்தது. கடையில் நீ குனிந்து சக்கரத்தை மோந்து பார்த்து, "புது செருப்பு மாதிரியே இருக்குதுடி" என்றாயே, அதே வாசனை. மூன்று வருஷமாகியும் பழசாகாத வாசனை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போக மாட்டேன் என்கிறது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டாவது. ஏழாம் மாதம் நடக்கிறது. முந்தாநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் கொஞ்சம் மேல நிக்குது. தினம் அரை மணி நேரம் நடங்க. ரெண்டு வாரம் பார்ப்போம், இறங்கலைன்னா ஊசிதான்" என்றார். "முதல் குழந்தைக்கு நடந்தீங்கல்ல?" என்று கேட்டார். நடந்தேன் என்றேன். "அப்புறம் இப்ப என்ன?" என்றார். உனக்குத் தெரியும். திண்டிவனத்தில் நான் நடந்தது ஒரே இடத்தில்தான். அந்த ஏரிக்கரைக்கு நான் போய் மூன்று வருஷமாகிறது.

விழுப்புரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்சி. படித்த நாம், ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஒரே மாதத்தில் பிள்ளை உண்டானோம். உனக்கும் எனக்கும் பதினான்கு நாள்தான் வித்தியாசம். அம்மா இல்லாத எனக்கு எதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் உன்னிடம்தான் கேட்டேன். காலை ஆறு மணிக்கெல்லாம் என் வீட்டு வாசலில் நின்று, "வாடி, ஜல்தி" என்பாய். கரையில் நீ எப்போதும் என் இடப்பக்கம் நடப்பாய், தண்ணீருக்கும் எனக்கும் நடுவில்.

"பேசிக்கினே நடக்க முடியுதா? அப்ப சரியா நடக்கறோம்னு அர்த்தம். மூச்சு வாங்கி பேச்சு நின்னுச்சுன்னா வேகம் ஜாஸ்தி."

"நீ பேசிக்கினே இருந்தா நான் எப்படிடி பேசிப் பார்க்கறது?"

"நீ தலைய ஆட்டு. அதுவும் எக்சர்சைஸ்தான்."

பாதி தூரத்தில் மதகு. அங்கே வந்ததும் பாட்டிலை நீட்டி, "மதகுகிட்ட நில்லு, தண்ணி குடி" என்பாய். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

வண்டி வாங்கிய நாளையும் நினைத்துக்கொண்டேன். விழுப்புரம் கடைக்குள் நீ ஐந்து கிலோ அரிசிப் பையோடு நுழைந்தாய். ஒவ்வொரு வண்டியிலும் பையை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, வாசல் சரிவில் நிறுத்தி பிரேக் பிடித்துப் பார்த்தாய்.

"இன்னாம்மா, அரிசிக்கா வண்டி வாங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"மூணு நாலு மாசத்துல புள்ளைங்க இந்த வெயிட்டுக்கு வந்துடும்ணே. பிரேக்கு நிக்குதா பார்க்க வேணாமா?"

இரண்டு வண்டிகள் சரிவில் நகர்ந்தன. மூன்றாவது நின்றது. ஒரு கையில் பையை இடுக்கிக்கொண்டு மறு கையால் அதை மடக்கிப் பார்த்தாய். "நாளைக்கு பஸ் ஏறும்போது நமக்கு ஒரு கைதாண்டி இருக்கும்" என்றாய். அதிலேயே இரண்டு எடுத்தோம். எனக்கு நீலம், உனக்கு மெரூன்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கி வீட்டில் வைக்கக் கூடாது என்பார் என் அத்தை. உன் வீட்டிலும் அதே சட்டம்தான். வழி கண்டுபிடித்தவள் நீ. "உன் புள்ள வண்டி உன் வூட்ல இருந்தாத்தானே தப்பு? உன்னுது என் வூட்ல இருக்கட்டும், என்னுது உன் வூட்ல இருக்கட்டும். கேட்டா, அடுத்தவங்க பொருளுன்னு சொல்லிக்கலாம்." அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பெட்டியில் போடுவதற்கு முன் எங்கள் கூடத்தில் வெறும் வண்டியை நீ ஒரு சுற்று தள்ளினாய் பார், அப்போது அவர் முகம் மாறிவிட்டது.

"காலி வண்டிய தள்ளாதம்மா. காலித் தொட்டில ஆட்டற மாதிரி."

"காலி இல்ல அத்தை, அரிசி இருக்குது" என்று திரும்பிப் பார்த்தாய். அரிசிப் பை சமையலறையில் இருந்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து நீ விழுப்புரத்துக்குத் தாய்வீடு போனாய். நான் தனியாக நடந்தேன். தினமும் ஆறு பத்துக்கு, நான் மதகை நெருங்கும் நேரம் பார்த்து, போனில் உன் மெசேஜ் வரும். "மதகுகிட்ட நில்லு, தண்ணி குடி." பிறகு உனக்குப் பெண் பிறந்திருப்பதாகவும், இருவரும் நலம் என்றும் என் கணவர் சொன்னார். பேச வேண்டும் என்றேன். "தொண்டை கட்டிக்கினு இருக்காம். மெசேஜ் போடு" என்றார். போட்டேன். பதில் வந்தது. "நல்லா இருக்கேன். நீ நட." மறுநாளும் ஆறு பத்துக்கு மதகு, தண்ணீர்.

அந்த நாள்களில் ஒரு காலை, கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி என்னை நிறுத்தினாள். "மெதுவா போம்மா. அந்தப் பொண்ணு பின்னாடி வர்றது தெரியல?" திரும்பினேன். நன்றாக விடிந்திருந்தது. கரை நெடுக ஒரு ஆள் இல்லை. அவளுக்குக் கண் மங்கல் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நடந்தேன். அன்று மாலை உனக்கும் அதை எழுதி அனுப்பினேன்.

பிறகு ஒரு ராத்திரி, "பாப்பா இன்னிக்கு அதிகமா அசையலடி" என்று எழுதினேன். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். காலையில் செருப்பு மாட்டும்போது பதில் வந்தது. ஆறு பத்துக்கு அல்ல, ஆறு மணிக்கு முன்னாலேயே.

"இன்னிக்கு நடக்காத. ஆஸ்பத்திரிக்குப் போ."

போனேன். பனிக்குட நீர் வற்றியிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். சாயங்காலம் வந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். மகன் பிறந்தான். இரண்டு நாள் கழித்து நீல வண்டி உன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. நீ வரவில்லை. மெசேஜும் நின்றுபோனது.

குழந்தைக்கு முப்பது நாள் முடிந்த அன்று, என் கணவர் எதிரில் உட்கார்ந்து சொன்னார். பெண் பிறந்த அன்றே உதிரப்போக்கு நிற்காமல் நீ போய்விட்டாய். பிள்ளைத்தாச்சியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று இரண்டு வீடும் சேர்ந்து மறைத்திருந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். என் மகன் பிறந்தது உனக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்று. அதற்கு முன் பதினான்கு காலை, நீ இல்லாத பதினான்கு காலை, உன் சொல் கேட்டு மதகருகே நின்று தண்ணீர் குடித்திருக்கிறேன்.

யார் போட்டது என்று அன்றே கேட்டேன். "அவங்க அக்காதான். நான்தான் கெஞ்சிக் கேட்டேன்" என்றார். அதோடு விட்டுவிட்டேன். உன் அக்காவிடம் கேட்கும் தைரியம் இத்தனை நாள் வரவில்லை. இன்று, உன் மகளிடம் சேர்த்துவிடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். உன் பெண்ணை வளர்ப்பது அக்காதானே.

"இவளுக்கு மூணு வயசு ஆச்சும்மா, இதுல எங்க உக்காருவா? உன் ரெண்டாவதுக்கே வெச்சிக்கோ" என்றார் அக்கா. போனவள் வண்டி என்று அத்தை சொல்வாரே என்றேன். "போனவ வண்டிதான். அவ வாங்கனது, அவ பார்த்து எடுத்தது. இன்னா பண்ணிடப் போவுது?" என்றவர் முந்தானையால் சக்கரத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் அந்த மெசேஜ்களைப் பற்றிக் கேட்டேன்.

"நாலு நாளு நான்தான் போட்டேன்மா. மேல அவ போட்டிருந்ததையே பார்த்துப் பார்த்துப் போட்டேன். அப்புறம் என்னால முடியல. போன ஆஃப் பண்ணி பீரோல வெச்சிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போன்னு போட்டது, அக்கா?"

என்னையே பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி?"

என் போனைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "வூட்ல காரியத்துக்கு ஆளுங்க நெறைய இருந்தாங்க. அந்த நாள்ல நான் இன்னா பண்ணேன், ஏது பண்ணேன்னு எனக்கே தெரியல. நான் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன்." போனைத் திருப்பிக் கொடுத்து, "போட்டிருந்தா ஞாபகம் இருக்கும்" என்றார். பீரோவில் இருக்கும் உன் போனில் உன் குரல் இருக்கிறதாம். அதனால் உன் எண்ணுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்து, வாரம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றி வைக்கிறார்.

பஸ் ஏற்றிவிட உன் மகளும் வந்தாள். மடக்கிய வண்டியை அக்கா தூக்கிக்கொண்டார். என் வலது கையைப் பிடித்திருந்த குழந்தை, ரோட்டுக்கு வந்ததும் கையை விட்டுவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றாள். லாரிகள் போகிற பக்கம். அக்கா அதட்டி இழுத்தும் நகரவில்லை. முகம் அப்படியே நீ. நான் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறேன். அத்தையிடம், பிறக்கும்வரை இது அடுத்தவர் பொருள்தான் என்று சொல்வேன். பொய்யில்லையே. அதுவரை காலியாக இருக்கக் கூடாது என்று அரிசிப் பையை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டிருக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கும் போட்டாயிற்று. சற்று முன் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு சாண் நகர்ந்திருந்தது போலத் தோன்றியது. எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்குப் போகிறேன். பாட்டில் நிரப்பி வைத்துவிட்டேன். மெதுவாகத்தான் நடப்பேன், பேசிக்கொண்டே நடப்பேன். இடப்பக்கம் இடம் விட்டு நடப்பேன். யாராவது பின்னால் வருவதாகச் சொன்னால் இந்தத் தடவை சிரிக்க மாட்டேன். எங்கே நிற்க வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நடக்கக் கூடாத நாள் எது என்று மட்டும் எனக்குத் தெரியாது. அன்றும் தெரியவில்லை.

இதை உன் எண்ணுக்கே அனுப்புகிறேன். யார் போடுகிறார்கள் என்று இனிமேல் கேட்க மாட்டேன். சீக்கிரம் பதில் போடு.