நீ பார்த்த மூன்று வேலைகள்

என் கூடப்பிறந்த ஜெபாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலையில் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். அங்கே நின்று பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். எழுதுவதென்றால் வரும் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சங்கதி. துட்டி விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், நீ குதிரையிலிருந்து விழுந்துதானே செத்தாய் என்று கேட்டார்கள். இல்லை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு என்றேன். சில முகங்கள் வாடிப்போயின. அவர்கள் ஏமாற்றத்துக்கு நான் என்ன செய்ய?

குருவிகுளம் ரோட்டில் உன் மைதானம், இரண்டு குதிரைகள், ஓட்டப் படிக்க வருகிற ஏழெட்டுப் பேர். எல்லாம் என் தலையில் விழுந்தது. தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் 'குதிரை ஓட்டுதான்' என்பதோடு முடித்துக்கொள்வேன், இருபது வருஷமாக. அதனால் உன் இடத்தில் ஒரு ஆளைப் போட்டால் போதும் என்று நினைத்தேன். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர் போட்ட முதல் தப்புக் கணக்கு அது.

காசிம் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர், குதிரை பழக்குவதுதான் தொழில். அவர் ஏறினால் மல்லி வேறு குதிரையாகிவிடுவாள். விரலை அசைத்தால் திரும்புவாள், மூச்சை இழுத்தால் நிற்பாள். ஆனால் படிக்க வந்தவர்களைக் கண்டால் மனுஷன் ஒதுங்கிப் போய்விடுவார். குதிகாலை ஏன் கீழே அழுத்தி வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, அதைக் குதிரையிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். காசிம் பாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"நான் குதிரைக்குச் சொல்லிக்குடுக்குத ஆளு டீச்சர். மனுசனுக்குச் சொல்ல எனக்கு வராது."

அவரை அனுப்பிவிட்டுப் பரமசிவம் அண்ணாச்சியைச் சேர்த்தேன். குதிரைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு, முழங்கால், கடிவாளத்தைப் பிடிக்கும் கை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுவார். பயந்து பயந்து ஏறிய இரும்புக்கடைக்காரர்கூட ஒரே மாதத்தில் குதிரையை ஓடவிட்டுப் போனார். நின்றுபோன மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். மல்லிதான் நாளுக்கு நாள் கெட்டுப்போனாள். இழுத்தால் முரண்டு பிடித்தாள், நினைத்த இடத்தில் நின்றாள்.

அண்ணாச்சியிடம் காரணம் கேட்டேன். படிக்கிறவர்கள் தப்பாக இழுக்கிற ஒவ்வொரு தடவையும் குதிரையும் ஒரு தப்பைப் படித்துக்கொள்ளுமாம். ஆளைத் திருத்துவதுதான் தன் வேலை, குதிரையைத் திருத்த வேறு ஆள் வேண்டும் என்றார். காசிம் பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்து வந்தேன். காலையில் அவர், சாயங்காலம் அண்ணாச்சி.

விடிந்ததும் நீ தனியாக மல்லியை ஓட்டிக்கொண்டிருப்பாயே, அதை உன் சொகுசு என்றல்லவா நினைத்திருந்தேன்? முந்தின நாள் மற்றவர்கள் கெடுத்ததை நீ சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாய். ஏன் ஒரு நாள்கூட எனக்குச் சொல்லவில்லை? நீ கேட்டாயா அக்கா என்பாய். கேட்கவில்லைதான்.

மூன்றாவது வேலை கோமதியால் தெரிந்தது. அதே பேங்க் கோமதிதான், உன்னிடம் படித்தவர்களில் போட்டிக்குப் போக ஆசைப்பட்ட ஒரே ஆள். கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கிற தடை தாண்டும் போட்டிக்குப் போகலாமா என்று உன்னிடம் கேட்டிருந்தாளாம். பார்ப்போம் என்று சொன்ன நீ, அதற்குள் போய்விட்டாய். பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும் என்னிடம் வந்து நின்றாள்.

அண்ணாச்சியிடம் கேட்டால், கோமதி நன்றாக ஓட்டுகிறாள் என்றார். காசிம் பாயிடம் கேட்டால், மல்லி தாண்டிவிடுவாள் என்றார். அப்படியானால் போகலாமா என்றேன்.

"அது நாங்க சொல்லுத விஷயம் இல்ல டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "குதிரையவும் ஆளையும் சேத்து வச்சுப் பாத்து, இன்னைக்குப் போ, இன்னைக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும். கோச்சுன்னு சொல்லுவாங்க. அத ஜெபாதான் பாத்துக்கிட்டு இருந்தாப்ல."

கம்பி வேலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாயே, அதுதானா அது? வெட்டியாய் நிற்கிறானே என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

கோச் தேடினேன். நம் சங்கரன்கோவிலுக்கு, ஒரே ஒரு ஆளுக்காக, யார் வருவார்கள்? கடைசியில் நானே முடிவு செய்தேன். போ என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஜெபாவுக்காகப் போயி ஜெயிச்சிட்டு வா" என்றும் சொன்னேன். உன் பெயரை ஒரு தடவையாவது மைக்கில் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உண்மையைத்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து கோமதி மாறிப்போனாள். பேங்குக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை ஓட்டினாள். மல்லி தடைக்கு முன்னால் தயங்கினால் முன்பெல்லாம் கழுத்தைத் தட்டிக்கொடுப்பவள், இப்போது சாட்டையை எடுத்தாள். ஒரு நாள் விழுந்து தோளில் அடி. ஒன்றுமில்லை என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். அண்ணாச்சி அவள் உட்காருவதில் குறையில்லை என்றார். காசிம் பாய் குதிரைக்கு நோவில்லை என்றார். இரண்டுமே சரி. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

போட்டி அன்று காலை, குதிரையைக் கொண்டுபோன லாரிக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதன் வாரை மாட்டக் கையைத் தூக்கினால் பாதியோடு நின்றது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"சாருக்காக எப்படியும் தாண்டிருவேன்க்கா. விழுந்தாலும் பரவால்ல" என்றாள்.

பரீட்சை ஹாலில் இந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்காக எழுத வந்த பிள்ளைகள். அதுகள் கேள்வியையே படிக்காது.

"ஏட்டி கோமதி, அவன் செத்துப்போயிட்டான். அவனுக்கு இனிமே ஒண்ணும் வேண்டாம். உனக்கு ஓட்டணும்னு இருந்தா ஓட்டு. இல்லன்னா மல்லிய லாரில ஏத்து, ஊருக்குப் போவோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலமாகிவிட்டான், கர்த்தரிடம் போய்விட்டான் என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். செத்துப்போய்விட்டான் என்ற வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாக என் வாயால் சொன்னேன். கோமதி அழுதாள். நானும் அழுதேன், ஜெபா. உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. மல்லி பாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தோள் வலிக்குக்கா" என்றாள் கோமதி, ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு.

அவ்வளவுதான். பெயரை எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். எக்ஸ்ரே எடுத்ததில் அவள் தோள் எலும்பில் லேசான கீறல் இருந்தது. ஆறியதும் மறுபடி ஓட்ட வந்துவிட்டாள். சாட்டையை இப்போது தேடுவதில்லை. மாதம் ஒரு தடவை வந்து பார்க்க மதுரையிலிருந்து ஒரு கோச் சம்மதித்திருக்கிறார். போட்டிக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரும் கோமதியும் பேசி முடிவு செய்வார்கள். நான் கேட்கப்போவதில்லை.

நீ இருந்தபோது உன் வேலை என்னவென்று கேட்காதவள், நீ போனபின் உன்னைத் தூக்கி ஒருத்தியின் முதுகில் ஏற்றிவிட்டேன். இனி யாரையும் உனக்காக எதுவும் செய்யச் சொல்ல மாட்டேன், இது சத்தியம். நீ இல்லாததை நானே சுமந்துகொள்கிறேன்.

உனக்கு மூத்தவள்,
எஸ்தர் அக்கா