நாற்பது எண்ணும்வரை

ஜியாயி
பிப்ரவரி 24, 2014

தம்பி பிங்-குன்னுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்கு இரண்டு பல் வந்துவிட்டது. நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன்.

போனில் அனுப்பினால் அழித்துவிடுவாய் என்று காகிதத்தில் எழுதுகிறேன். உன் பங்கு வர்த்தக மென்பொருளுக்கு நொடிக்கு நொடி விலை அனுப்பித்தரும் கம்பெனி இரண்டில் எது தேவலை என்று பார்க்கச் சொன்னாய். நீ கொடுத்த டேப்லெட்டை இரண்டு வாரம் தரகர் கூடத்துக்குத் தூக்கிப்போனேன். சுவரில் பெரிய விலைப்பலகை, மடியில் உன் டேப்லெட். முதல் வாரத்துக் கம்பெனி சுத்தம். பலகையில் விலை ஏறிச் சிவக்கும்போதே இதிலும் சிவந்தது. இரண்டாம் வாரத்துக் கம்பெனி மத்தியானம் நல்ல பிள்ளை. காலை ஒன்பதுக்குக் கூட்டம் முட்டும்போது மூச்சு வாங்குகிறது. 20ஆம் தேதி வியாழன், 9:04. சிமெண்டுப் பங்கு பலகையில் 44.2, உன்னிடம் 45.1. நாற்பது எண்ணிய பிறகுதான் இறங்கியது.

அந்த இரண்டாவதை எடுக்காதே. என் பக்கத்து நாற்காலிக்காரி சூ-ஜென்னுக்கு முழங்கால் போய்விட்டது. "நீ சரின்னு சொன்னா நான் வீட்டுல இருந்தே வித்து வாங்கிக்கிறேன்டி" என்கிறாள். பொறு என்றிருக்கிறேன்.

அக்கா யுவே-தாவ்

தைபே
மார்ச் 3, 2014

அன்புள்ள அக்கா,

உங்கள் சிரமத்துக்கு நன்றி. இரண்டாவது கம்பெனியையே எடுத்துவிட்டோம். முதலாவது மூன்று மடங்கு கேட்கிறது. எங்கள் பொறியாளர்கள் நாள் முழுக்க அளந்து சராசரி பார்த்தார்கள். தாமதம் ஒரு நொடிகூட இல்லை. நீங்கள் சின்ன வயதிலிருந்தே வேகமாக எண்ணுவீர்கள். ஜனவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது, இனி மாற்றமுடியாது.

விளம்பரத் தாளில் உங்கள் படம் போட்டிருக்கிறோம்: 'கூடத்தில் முப்பது ஆண்டு உட்கார்ந்த அக்கா சோதித்துப் பார்த்தது.' கோபிக்காதீர்கள், அழகாகச் சிரிக்கிறீர்கள்.

அடுத்த மாதம் சிங்மிங் கல்லறைத் திருநாள் அன்று அம்மா கல்லறையில் பார்ப்போம்.

தம்பி பிங்-குன்

ஜியாயி
மார்ச் 28, 2014

பிங்-குன்,

புத்தாண்டுக்கு முன்பே கையெழுத்து. டேப்லெட் எனக்கு வந்தது பிப்ரவரி 8. அப்படியென்றால் உனக்கு என்னிடம் வேண்டியிருந்தது படம் மட்டும்தான்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு சூ-ஜென் என்னைக் கேட்காமலே உன் மென்பொருளைப் போட்டுக்கொண்டாள். என் முகமே இருக்கும்போது என்னை ஏன் கேட்கவேண்டும்? செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் சிமெண்டு சரிந்தது. திரையில் தெரிந்த விலைக்கு விற்கப் போட்டாள். அந்த விலை எப்போதோ செத்துப்போயிருந்தது. குறைத்துப் போட்டாள், அதுவும் செத்திருந்தது. மூன்றாம் தடவை போடும்போது சட்டப்படி அன்றைக்கு விழக்கூடிய கடைசி விலையில் போய்ப் பூட்டிக்கொண்டது, வாங்க ஆளில்லை. அவள் புருஷன் விட்டுப்போன பங்கு அது. மறுநாளும் பூட்டித்தான் கிடந்தது.

நேற்றுத் தடியூன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பதினோரு வருடம் எனக்காக நாளிதழ் விரித்து இடம்பிடித்த நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள்.

"ஆள் வருது" என்றாள்.

"யாருடி?"

"யாராச்சும். படத்துல சிரிக்காதவங்க."

நின்றுகொண்டே பலகையைப் பார்த்தேன்.

நீ படிக்க வேண்டுமென்று என்னைப் பதினோரு வயதில் குடைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அதை ஒருநாளும் உன்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன்.

டேப்லெட் இந்தப் பொட்டலத்திலேயே இருக்கிறது. சிங்மிங் அன்று காலை ஏழுக்கெல்லாம் அம்மா கல்லறையைக் கூட்டித் துடைத்துவிட்டு மலையிறங்கிவிடுவேன். நீ பிந்தி வா. பிந்துவதால் ஒன்றும் ஆகாது என்று உன் பொறியாளர்கள் அளந்திருக்கிறார்களே.

யுவே-தாவ்