பல் டாக்டர் துலியாவுக்கு ஒரு வணக்கம்

மார்ச் 4, திங்கள்

பாடகி யார்லெடிஸ் இன்று பாட்டைப் பாடிப் பதிவு செய்தாள். வரிகள் என்னுடையவை. இத்தனை வருடம் பள்ளியில் இலக்கியம் நடத்தியது என்னை 'உன் மாடியில் என் சட்டை காயுது' என்ற பல்லவியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

பாட்டின் நடுவே யாராவது ஒருவர் பேரைக் கூவி வணக்கம் சொல்லாவிட்டால் எங்கள் கொலம்பிய ஊரான வாயேதுபாரில் அதைப் பாட்டென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த முறை கூவ வேண்டியது, ஒலிப்பதிவுக்கு இடம் கொடுத்த கோழி வியாபாரியின் பெயர். யார்லெடிஸுக்கு அந்த நொடியில் அது மறந்துவிட்டது. வாயில் வந்ததைக் கூவினாள்: "பல் டாக்டர் துலியாவுக்கு வணக்கம். உங்களால ஒருத்தன் சோறு தண்ணி இல்லாம கெடக்கான்."

அந்த ஒருத்தன் நான். காப்பி குடிக்கும்போது அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"அத வெட்டிடு," என்றேன்.

தயாரிப்பாளன் நாஃபெர் தலையாட்டவில்லை. "இதவிட நல்லா அவ இனிமே பாட மாட்டா வாத்தியாரே. கோழிக்காரர நான் சமாளிச்சுக்கறேன்."

மார்ச் 22, வெள்ளி

பாட்டு வெளியானது. இந்த ஊரில் துலியாக்கள் நிறைய. பல் டாக்டர் துலியா ஒருத்திதான்.

ஏப்ரல் 13, சனி

நாட்டில் முதலிடம். பேருந்தில், இறைச்சிக் கடையில், இன்று ஒரு சவ ஊர்வலம் முடிந்து திரும்பிய காரில். இறந்தவருக்கும் பிடித்த பாட்டுதானாம்.

மே 9, வியாழன்

மெக்சிகோவிலும் முதலிடம். மாட்ரிட் கல்யாணங்களில் அந்த இடம் வந்ததும் மணமக்கள் உட்பட எல்லோரும் சேர்ந்து கூவுகிறார்களாம். துலியா என்பது இழந்த தாய்மண்ணின் குறியீடு என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். நல்ல கட்டுரை. தாய்மண் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

மே 10, வெள்ளி

இன்று அவள் எதிரே வந்துவிட்டாள்.

"வாத்தியாரே, பல்வலி இல்லாதவங்கதான் இப்ப என்கிட்ட வரிசைல நிக்கறாங்க. வாயத் தொறங்கன்னா பாடறாங்க. அந்த ஒருத்தன் யாருன்னு அம்மா தெனமும் உயிர எடுக்கறா. உங்க பாட்டுதானே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

ஏன்டா அப்படிச் சொன்ன? கண்டம் முழுக்கச் சொல்லியாச்சு. ஒரு நடைபாதைல சொல்ல வாய் வரல — சே.

ஜூன் 15, சனி

பாட்டின் இரண்டாவது வடிவம் வரப்போகிறது. அதில் துலியாவே வந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்பது நாஃபெரின் யோசனை. வரமாட்டாள் என்றேன். சரி என்றுவிட்டாளாம்.

நீதான் என்னைக் காட்டிக்கொடுத்தாயா என்று யார்லெடிஸிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "ஆனா அவளுக்கென்ன கண்ணு தெரியாதா?"

என் பேரைச் சொல்வாளோ?

ஜூன் 21, வெள்ளி

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இஸ்திரி போட்ட சட்டையில் நான். அந்தப் பக்கம் துலியா. அம்மாவுக்கு வணக்கம் சொன்னாள். கிளினிக் உதவியாளருக்கு, எதிர்க்கடையில் அரேபா என்ற சோள ரொட்டி சுடுகிறவளுக்கு, பல் தேய்க்கும் எல்லாருக்கும். கோழி வியாபாரிக்குக்கூட.

அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், மரியாதைக்கு, "யாரையும் விடலையே," என்றேன்.

"ஒருத்தர விட்டுட்டேன். மைக்குல சொன்னா அது ஊருக்குச் சொன்னது. எவனோ ஊருக்குச் சொன்னத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா, பதில் சொல்லலாம்."

சொன்னேன். எதுகை இல்லை, தாளம் இல்லை, நடுவில் இருமல் வேறு.

"இது ஹிட் ஆகாது," என்றாள். என் கையை மட்டும் விடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அவள் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. சூப்பில் தனக்குப் பிடிக்காத கிழங்கையெல்லாம், பேசிக்கொண்டே, துலியா என் தட்டுக்குத் தள்ளினாள். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"அடுத்த ஞாயிறு ஆட்டுக்கறி," என்றார், யாரையும் பார்க்காமல்.