கடைக்குப் பின்னால் தொங்கிய கயிறு

இன்று காலை பக்கத்துத் தோப்பில் யாரோ தேங்காய் நாரைக் கூட்டித் தீ வைத்தார்கள். சாரலில் நனைந்த நார் சட்டென்று பற்றாது, புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகை கடைக்குள் வந்தபோது அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. என்னைக் கட்டியவள் நீ இருந்தால், "அடுப்ப விட்டுட்டு எங்கன பராக்கு பாக்குதிய?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டிருப்பாய். சத்தம் போட ஆளில்லை. நானே தீயைக் குறைத்தேன்.

அது நம் கடைத் தூணில் தொங்கிய கயிற்றின் வாசனை. இலஞ்சியிலிருந்து நார்க்கயிறு வாங்கி வந்து, நுனியில் நெருப்பு வைத்துத் தொங்கவிடுவேன். பீடி பற்றவைக்க வருகிறவர்களுக்காக நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். மற்ற ஊர்களில் அது ஒரு வசதி. குற்றாலத்துச் சீசனில் அதுதான் வியாபாரமே. அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவனின் தீப்பெட்டி நமுத்துப் போயிருக்கும். நேரே நம் கயிற்றைத் தேடி வருவான். பற்றவைத்த கையோடு ஒரு டீ சொல்வான், டீ வந்ததும் வடை கேட்பான். "ஒங்க டீக்கா வாராவ, கயித்துக்குல்லா வாராவ" என்று நீ கேலி செய்வாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு பீடிகூடக் குடிக்காதவன் என்ற பெருமை வேறு எனக்கு.

பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன பிறகு ஒருநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். கயிற்றைக் காட்டி, "அண்ணாச்சி, இத அவுத்துருங்க. கடைக்காரங்களே தீ குடுக்கக் கூடாது. டீ குடிக்க வாரவன் எல்லாருமா பீடி குடிக்கான்? கைப்பிள்ளையத் தூக்கிட்டு வாராவ, அது எங்க போயி மூச்சு விடும்?" என்றார். ஒரு எச்சரிக்கைப் பலகையையும் மாட்டச் சொன்னார். நான் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினேன். அவர் பைக் வளைவு திரும்பும் வரைக்கும்தான் அந்தச் சரி. பீடி விற்க விடுகிற அரசாங்கம் பற்றவைக்க மட்டும் கூடாது என்கிறது, என் கடையில் இவர்களுக்கு என்ன வேலை என்று உன்னிடம் வந்து கத்தினேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பிள்ளைக்கு மூச்சு முட்டும்னு சொல்லுதாரு. அதுல என்ன தப்பு?" என்றாய்.

நான் கெட்டிக்காரன் அல்லவா? மறுநாளே கயிற்றைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். மேலே தகரம், சுற்றிலும் ஓலைத்தட்டி. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "பின்னால போங்கலே, அங்கன கெடக்கு" என்று வருகிறவர்களுக்குக் கண்ணைக் காட்டுவேன். முன்பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. குடும்பத்தோடு வருகிறவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். அடுத்த தடவை வந்த இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த ரோட்டில் சொன்னதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். அன்று முழுக்க நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தப் பின்பக்கம்தான் உன் இடம். அங்கேதான் நீ கிளாஸ் கழுவினாய், மாவாட்டினாய், வடை சுட்டாய். வெளியே காற்றோடு போய்க்கொண்டிருந்த புகையைத் தட்டிக்குள் அடைத்து, கொண்டுவந்து உன் முகத்துக்கு நேரே வைத்தவன் நான். சாரல் அடிக்கும் என்பதால் தட்டியை விலக்கவும் முடியாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் கிளாஸ் அலசுவாய். ஒருநாள், "இவங்கள ரோட்டுக்கு அந்தப் பக்கமாச்சும் அனுப்புங்களேன்" என்றாய். "சீசன் முடியட்டும் ஏட்டி" என்றேன். சாரல் சீசன் முடிந்தால் ஐயப்பன் கோயிலுக்குப் போகிற வேன்கள் வரத் தொடங்கிவிடும், டிரைவர்கள் எல்லாம் நம் கடையில்தான் இறங்குவார்கள். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இருமலைச் சாரல் இருமல் என்றுதான் நினைத்தோம். கஷாயம், மாத்திரை என்று இரண்டு வருஷம் ஓட்டினோம். கடைசியில் தென்காசியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "வீட்ல யாரும்மா சிகரெட் பிடிப்பாங்க?" என்று உன்னிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "யாரும் இல்ல சார். நான் தொட்டதே இல்ல." அது பொய் இல்லை என்பதுதான் கொடுமை. டாக்டர் விடவில்லை. "வேலை பாக்குற இடத்துல? அடுத்தவங்க விடுற புகையே போதும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவரிடம், "கல்யாணத்துக்கு முன்னால அம்மா வீட்ல பீடி சுத்துனேன் டாக்டர். அந்தத் தூசியா இருக்கும்" என்றாய். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

நீ பீடி சுற்றியது மூன்றே மாதம். உனக்குக் கை வரவில்லை என்று உன் அம்மாவே பீடி இலை வைத்திருந்த சொளகைப் பிடுங்கி வைத்துவிட்டதாக நீதான் சொல்லியிருக்கிறாய். குத்துக்கல்வலசையில் உள்ள நம் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "பெறகு? அந்த டாக்டர் முன்னால ஒங்கள என்னன்னு சொல்லச் சொல்லுதிய?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்று சாயங்காலமே கயிற்றை அவிழ்த்தேன், தட்டியைப் பிரித்துப் போட்டேன். அதற்கப்புறம் நீ இருந்தது இரண்டு சீசன்.

இப்போது கிளாஸை நானே கழுவுகிறேன். பின்பக்கம் நல்ல காற்று வருகிறது. எனக்கு அந்தக் காற்றே பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஒரு ஆள் இல்லை என்பதால், கடையைச் சீக்கிரம் அடைக்க மனம் வருவதில்லை. சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த இன்ஸ்பெக்டரை நினைத்துக்கொள்வேன். உன்னைத் தெரியாமலே உன் மூச்சுக்காகப் பேசியவர் அவர். அவர்மேல் கோபமும் உண்டு. பத்தடி நடந்து பின்பக்கம் ஒரு எட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? ஆனால் அந்தப் பத்தடியை மறித்துக்கொண்டு, கையில் டீயோடு இளித்தபடி நின்றவன் நான்தானே.

போன வாரம் புது இன்ஸ்பெக்டர் வந்தார். பலகையைப் பார்த்தார், முன்பக்கத்தைப் பார்த்தார், "நல்லா வச்சிருக்கீங்க அண்ணாச்சி" என்று கிளம்பினார். "பின்னாலயும் வந்து பாருங்க சார்" என்றேன். வந்தார். ஈரத் தரையையும் கிளாஸ் தொட்டியையும் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இங்கனதான் சார் என் வீட்டுக்காரி இருந்தா. ஒங்க ஆபீசுக்குப் பயந்து, பீடி குடிக்கவன எல்லாம் அவ முன்னால கொண்டாந்து நிறுத்துனேன். டாக்டர் கேட்டப்பகூட நான் சொல்லல."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். ஒன்றும் எழுதவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நீ மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இல்லை, கோபித்துக்கொள். டாக்டர் அறையில் நீ பார்த்த அந்தப் பார்வையை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அதில் துளிக் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.