பால்விலக்கு

ஜூலை 3, புதன்
அம்மாவின் தையல் நாற்காலியில் ரப்பர் பல்லியை வைத்தேன். உட்கார வந்தவள் அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். ஒரு திட்டுகூட இல்லை. முன்பெல்லாம் காது சிவக்கத் திருகுவாள். இப்போது முடியாது. சில மாதமாக அவள் விரல்கள் திடீரென்று குவிந்து இழுத்துக்கொள்கின்றன. வாத்துத் தலை மாதிரி இருக்கு என்றேன். சிரிக்கவில்லை. ஆள் வராத கொட்டகையில் நாடகம் போட எனக்கும் அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 8
தைத்துக்கொண்டே மயங்கி விழுந்தாள். தெருக்கோடி டாக்டர் தலைக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார்.

ஜூலை 9
தோடு, ஹேர்பின், கழுத்துச் சிலுவை எல்லாம் என் கையில். பெரிய மெதுவடை மாதிரி ஒரு மிஷின், அதன் ஓட்டைக்குள் அம்மாவின் தலை. "ஆடாம படுங்கம்மா" என்றார்கள். அவள் ஆடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10
ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் ஊரில் இல்லை, திங்கள்தான் வருவார். எனவே வீட்டிலேயே டாக்டர்கள் முளைத்தார்கள். நான் படித்துச் சொன்னேன்: மூளையில் இரண்டு பக்கமும் கால்சியம் படிந்திருக்கிறது. மாடி வீட்டு இருதயமேரி அத்தை, அப்பாவின் அக்கா, தீர்ப்பே சொல்லிவிட்டாள்.
"தைராய்டு ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அந்தச் சுண்ணாம்பு மாத்திரைய முழுங்குற. எங்க போவும்? தலைக்குத்தான் ஏறும். நிறுத்துடி பிரிஸ்கில்லா."
"சரி, ஒரு வேலை மிச்சம்" என்றாள் அம்மா. எப்படியும் ஒருநாள் போட்டால் ஒருநாள் மறப்பாள்.
பால், தயிர், மோர், கேழ்வரகு எல்லாம் தடை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அறிவியலில் வீட்டிலேயே நான்தானே கெட்டி. தெருவுக்குத் தெரு பிராந்திக்கடை இருக்கிற ஊரில் எங்கள் வீட்டில் மட்டும் பால்விலக்கு. போலீஸ் நான்தான்.

ஜூலை 12
வரக்காப்பி. அம்மாவுக்கு வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். "சுண்ணாம்பு எறங்குது" என்றாள் அத்தை. நம்பினோம்.

ஜூலை 14, ஞாயிறு
பூசையில் காணிக்கை நேரத்தில் அம்மாவுக்கு வலிப்பு. பல் கிட்டிவிட்டது. அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார். கதிர்காமம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவள் தலை என் மடியில். எனக்கு ஒரு ஜோக்கும் வரல. ஏன் வரணும்?

ஜூலை 15
டாக்டர் துர்கா. சின்ன வயது, தூங்காத கண். அம்மாவின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். காதுக்கு முன்னால் விரலால் தட்டினார், உதடு வெட்டி இழுத்தது. நேற்று இங்கே வந்ததும் எடுத்த ஸ்கேனைப் பழையதோடு வைத்துக் காட்டினார்.
"ரத்தம் கசிஞ்சாலும் வெள்ளையாத்தான் தெரியும். ஆனா இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ரொம்ப அடர்த்தி. போன வாரத்துக்கும் நேத்துக்கும் மாறவும் இல்ல. கால்சியம்தான்."
"அதான் மாத்திரைய நிறுத்திட்டோம் டாக்டர்" என்றேன். பெருமையாக வேறு.
பேனாவைக் கீழே வைத்தார். "நிறுத்திட்டீங்களா?"
ஆபரேஷனுக்குப் பிறகு, கால்சியத்தைக் கவனிக்கிற கழுத்திலுள்ள குட்டிச் சுரப்பிகள் வேலை செய்யவில்லையாம். அதனால் ரத்தத்தில் கால்சியம் குறைவு. வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் மூளையில் போய்ப் படியுமாம்.
"தலையில இருக்குன்னா ஒடம்பு பூரா நெறைய இருக்குன்னு அர்த்தமில்லம்மா. ரத்தத்துல இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. அதனாலதான் கை இழுத்துது, வலிப்பும் வந்துது."
இருந்த கொஞ்சத்தையும் பிடுங்கியது நாங்கள்.
"படிஞ்சது போயிடுமா?"
"போவாது. இனிமே ஏறாம பாத்துக்கலாம். மாத்திரைய மட்டும் விடவே கூடாது."

ஜூலை 19
வார்டுக்கு ஃபிளாஸ்கில் பால் கொண்டுவந்தாள் அத்தை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஆறிடும், குடி" என்றாள். போலீஸ்தான் டம்ளரை நீட்டியது.

ஆகஸ்ட் 2
மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மாத்திரை. வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறாள். பல்லி பெஞ்சடியில் கிடக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி
பிரெஞ்சுக்காரன் சட்டப்படி எங்கள் ஊரைக் கொடுத்த நாள், இங்கே மட்டும் லீவு. விழுப்புரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பாவம். காலை மாத்திரையை நானே எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது. பாலோடு மாத்திரையை விழுங்கிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது.
பெஞ்சடியில் குனிந்து பல்லியை எடுத்தேன். பிறகு வைத்தேன்.
திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள்.
"இங்க வாடி."
போனேன். இடது காது இன்னும் எரிகிறது.